வரைபடத்தின் வலது மூலை

2011, பொங்கல் முடிந்த வாரம். காலை எட்டு மணி வரைக்கும் பனி விலகாத நாட்கள். அப்போது நான் ஒரு நாளிதழின் கிருஷ்ணகிரி பகுதிநேர நிருபர். அச்சான செய்திக்குச் சென்டிமீட்டர் கணக்கில் காசு, படம் வந்தால் தனியாக ஒரு தொகை. இரண்டும் சேர்ந்தாலும் வண்டிக்குப் பெட்ரோல் போடக் காணாது என்பதால் ஒரு ஜெராக்ஸ் கடையும் வைத்திருந்தேன். இன்று நிருபர் வேலை போய்விட்டது. கடை இருக்கிறது.

ஒரு கிராமத்துத் தலையாரி போன் செய்தார். “சார், மெட்ராஸ்லேர்ந்து காலேஜ் புள்ளைங்க முப்பது பேர் வந்து எங்க மலையடிவாரத்துல பாண்டவர் வீட்டை டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்காங்க. கவர்மென்ட் நிலத்தை எடுக்கப் போகுதான்னு ஊரே பயந்து கெடக்கு. வந்து என்னான்னு கேளுங்க.”

பாண்டவர் வீடு என்று எங்கள் பக்கம் சொல்வது கல்திட்டையை. தொல்லியல்காரர்கள் பெருங்கற்காலம் என்பார்கள். நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இறந்தவர்களுக்காக எழுப்பியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குன்றும் மாமரமும் போல இதுவும் ஓர் அடையாளம். மல்லச்சந்திரத்தில் மலைமேல் கூட்டமாக நிற்பவை பேர் பெற்றவை. இப்படி ஒன்றிரண்டாகப் புதருக்குள் நிற்பவை எத்தனையோ. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். நான் சின்ன வயதில் துளை வழியாக உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

போனேன். முப்பது பேர் இல்லை, பதினெட்டுப் பேர். ஒரு பெண் தரையில் குப்புறப் படுத்து, துளைக்கு நேரே கண்ணை வைத்து, பலகையில் ஒட்டிய தாளில் வரைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கேமராவை எடுத்ததும் தலையைத் திருப்பாமலே, “அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, வெளிச்சம் மறைக்குது” என்றாள். பதினோரு வருட நிருபர் வாழ்க்கையில் கேமராவைப் பார்த்துத் தள்ளிப்போகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாம் ஆண்டு கட்டடக்கலை மாணவர்கள். மெஷர்டு டிராயிங் என்று ஒரு பாடமாம். பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நிற்கிறபடியே அங்குலம் விடாமல் அளந்து தாளில் கொண்டுவர வேண்டும். மற்ற அணிகளுக்குச் செட்டிநாட்டு வீடு, தஞ்சாவூர்ச் சத்திரம் என்று கிடைத்திருந்தது. இவர்களுக்கு நான்கு கல்லும் ஒரு மூடியும். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்கள், நான் போன மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

காரணம் அந்தப் பெண் சொன்னாள். நான்கு பலகைகளும் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை பொருத்தியவை அல்ல. ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்ததைத் தாண்டி வெளியே நீள்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். வெளியே மண்ணும் கல்லும் அணைத்து உள்ளே தள்ளத் தள்ள, ஒரு பலகை அடுத்த பலகையில் சாய்ந்து இறுகிக்கொள்ளும். மேலே டன் கணக்கில் எடையுள்ள மூடுகல் உட்கார்ந்ததும் பூட்டுப் போட்ட மாதிரி. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்ததில் பலகைகள் நேராகவும் நிற்கவில்லை, லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. “சரிஞ்சு போச்சுன்னு முதல்ல நினைச்சோம். நாலும் ஒரே அளவுக்குச் சாஞ்சிருக்குண்ணா. வேணும்னே சாய்ச்சிருக்காங்க.”

அவர்களுக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். உளி வைத்துச் செதுக்கிய தடம் இல்லாமல் இவ்வளவு பெரிய பலகையை, இவ்வளவு சீரான கனத்தில் எப்படி எடுத்தார்கள்? அதற்கு விடை பக்கத்து ஊரிலிருந்து வந்தது. கல் உடைத்தே வயதான ஒரு பெரியவர், இந்தக் கூத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர், அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “நெருப்புதான் கண்ணு.” படுகிடைப் பாறை மேல் விறகைப் பரப்பி எரிக்க வேண்டும். சூட்டில் மேல்தோல் பொருமும். நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும், ஓரிடத்தில் நின்றால் கல் வெடித்துச் சில்லாகிவிடும். கூடவே சம்மட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இன்னும் ஒட்டியிருக்கிறது, பொத்தென்று கேட்டால் விட்டுவிட்டது. தோசை மாதிரி ஒரு பலகை தனியாக வந்துவிடும். அவர் வாலிபத்தில் வேலிக்கல்லும் வீட்டுக்கூரைப் பலகையும் அப்படித்தான் எடுத்தாராம். பதினெட்டுப் பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மத்தியானம் அவர் வீட்டில்தான் அத்தனை பேருக்கும் களியும் கீரைக் கடைசலும்.

இது ஒரு செய்தி. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் கையில் இருந்தது, மாவட்டப் பக்கத்தில் விளம்பரம் போக மிஞ்சிய இடம்.

மறுநாள் கல்லூரி நிர்வாகத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் சால்வையோடு வந்தார். இருவரும் மூடுகல்லுக்கு முன்னால் நின்றார்கள். மாணவர்கள் பின்வரிசை. அந்தப் படம்தான் அச்சானது. செய்தியில் பிரமுகர் பெயர், நிர்வாகி பெயர், பதவி, அவர்கள் வாழ்த்திப் பேசியது எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தது. வரிசை பிசகினால் மறுநாள் போன் வரும், பயிற்சி அப்படி. மாணவர்களைப் ‘பொறியியல் மாணவர்கள்’ என்று எழுதியிருந்தேன். பி.ஆர்க். தனிப் படிப்பு, ஐந்து வருடம், பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளவே முடியாதபடி 1972 இலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது என்று அவர்களுடைய பேராசிரியர் பிறகு கோபமாகச் சொல்லித்தான் தெரியும். களி போட்ட பெரியவர் செய்தியில் இல்லை. நெருப்பு இல்லை. நான்கு பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

இருந்தது என்ன தெரியுமா? ‘இன்ன ஊரிலிருந்து இத்தனை கிலோமீட்டர், இன்ன ஏரிக்கரை வழியாக’ என்று வழி. வழி சொன்னால்தான் செய்தி முழுமை என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் வைத்த தலைப்பு ‘மன்னர் காலக் கல்லறையை அளந்த மாணவர்கள்’. அதிலும் மன்னர் என்று கயிறு திரித்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். டெஸ்க்கில் யாரோ அதைத் தொட்டு, ‘புதையல் ரகசியமா?’ என்று ஒரு வால் சேர்த்தார்கள். கேள்விக்குறி போட்டால் பொய் ஆகாதாம்.

பங்குனியில் தலையாரி மறுபடி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். மூடுகல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பலகை இரண்டாக முறிந்திருந்தது. நடுவில் ஆள் உயரக் குழி, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கருகிய கற்பூரமும். உடைந்த பானை ஓடுகளைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, அதற்குள் வேறு ஒன்றும் இருந்ததில்லை. நூறு தலைமுறை மழைக்கு நின்றது, என் பதினான்கு சென்டிமீட்டருக்கு நிற்கவில்லை.

அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை. யார் செய்தார்கள் என்று கேட்டால் எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள் என்ற கேள்வி வரும். சரியாகச் சொன்னால், பயம்.

*

அந்தப் பெண்ணோடு மட்டும் தொடர்பு இருந்தது. அண்ணா என்று கூப்பிட்டதாலோ என்னவோ பொங்கலுக்கு, தீபாவளிக்கு ஒரு போன் வரும். படிப்பை முடித்து, சில காலம் வேலை பார்த்து, 2016 இல் அமெரிக்காவுக்குப் போனாள். கார்னெல் பல்கலைக்கழகம், நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்ற மலையூர். அங்கே கட்டடக்கலை, ஓவியம்-சிற்பம், நகரத் திட்டமிடல் மூன்றும் ஒரே கல்லூரி. இவள் திட்டமிடல். 1871 இலேயே அங்கே கட்டடக்கலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். நம் பக்கம் எழும்பூர் ஓவியக் கல்லூரி அதற்கும் மூத்தது, 1850 என்று நான் சொன்னேன். ஊர்ப் பெருமையை எங்கே விட்டுக்கொடுப்பது? ஆனால் எழும்பூரில் கலையும், கிண்டியில் கட்டடமும், மாமல்லபுரத்தில் சிற்பமும் என்று தனித்தனி மதிலுக்குள் வைத்துவிட்டோம். கல் உடைக்கிறவரும் கல்லை வரைகிறவளும் ஒரு மரத்தடியில் உட்கார, கிருஷ்ணகிரியில் ஒரு புதரைத் தேடி வரவேண்டியிருந்தது.

2018 மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி அவள் கூப்பிட்டாள். அங்கே பகல், வெளியே இன்னும் பனி என்றாள். அந்த மாதம்தான் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு அறிவித்திருந்தார்கள். தொண்ணூறு வயதில், அந்தப் பரிசைப் பெறும் முதல் இந்தியர். எங்கள் பேப்பரில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன்: ஒற்றைப் பத்தி, ‘கட்டடக்கலையின் நோபல்’, ‘முதல் இந்தியர்’, பரிசுத் தொகை. இந்தூரில் அவர் ஆரண்யா என்ற குடியிருப்பைக் கட்டியது, ஏழைக்கு முழு வீடு தராமல் அடித்தளமும் தண்ணீரும் கழிப்பறையும் தந்து மிச்சத்தை அவரவர் சம்பாத்தியத்துக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ள விட்டது, எண்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள் என்பது எதுவும் இல்லை. தர்மபுரியில் எங்கள் மாமா வீடு அப்படித்தான் வளர்ந்தது. முதலில் ஓர் அறை, பொண்ணு கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வராண்டா, மகன் வேலைக்குப் போனபின் மாடி. அதைத் தெரிந்தே திட்டம் போட்ட ஒருவருக்கு உலகப் பரிசு என்று எழுதியிருந்தால் பாலக்கோட்டு வாசகருக்குக்கூட நெருக்கமாக இருந்திருக்கும்.

“இங்கேயும் அப்படித்தாண்ணா” என்றாள். வருடா வருடம் மார்ச்சில் முதலாண்டுக் கட்டடக்கலை மாணவர்கள் ஒரு பெரிய டிராகனைக் கட்டி வளாகம் முழுக்க ஊர்வலம் விடுவார்கள். டிராகன் டே. நூறு வருடத்துக்கு மேலான வழக்கம். பொறியியல் மாணவர்கள் போட்டிக்கு ஒரு பீனிக்ஸ் பறவையைக் கொண்டுவருவார்கள். பத்திரிகையில் அந்தக் கல்லூரி என்றால் டிராகன் படம் தவறாது. நம்ம ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி, தேர் படம் வரும், தச்சர் வரமாட்டார் என்றேன். சிரித்தாள்.

பத்திரிகையில் வரும் அடுத்த ரகம் கட்டடம். 2011 இல், நாங்கள் கல்திட்டை முன்னால் நின்ற அதே வருடம், அங்கே மில்ஸ்டீன் ஹால் திறந்தார்கள். வடிவமைத்தது டச்சுக் கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம், அவரும் ஒரு காலத்தில் அங்கே படித்தவர். ஒரு தளம் அப்படியே சாலைக்கு மேலே ஏறத்தாழ ஐம்பது அடி தூணில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். உலகத்துப் பத்திரிகையெல்லாம் அந்த நீட்டலைத்தான் படமெடுத்தன. அதே கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அந்தக் கட்டடத்தின் தீப் பாதுகாப்பைப் பற்றி விதி விதியாக எடுத்து வைத்து வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். அது எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? நெருப்பு என்றதும் எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. இங்கேயும் அங்கேயும் செய்தியில் முதலில் வெட்டுப்படுவது அதுதான் போல.

ஆனால் அந்த மாதம் வேறொரு செய்தியும் வந்திருந்தது, அவள் கூப்பிட்டதே அதைப் பேசத்தான். ரிச்சர்டு மையர், கார்னெலில் படித்தவர், 1984 இல் பிரிட்ஸ்கர் வாங்கியவர். ஐந்து பெண்கள் அவர்மேல் பாலியல் சீண்டல் குற்றச்சாட்டுச் சொல்லி நியூயார்க் டைம்ஸில் விரிவாக வந்தது. கட்டடக்கலைத் துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் சூட்டுவதற்காக வந்த நன்கொடையை ஏற்கப்போவதில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. “படிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து அவர் கட்டின வெள்ளைக் கட்டடங்களைத்தான் படம் படமா பார்த்தோம். அந்த ஆபீஸுக்குள்ள வேலை செஞ்சவங்களைப் பத்தி ஒரு வரி படிச்சதில்லை. ஒரு நிருபர் போய்க் கேட்டதாலதானே தெரிஞ்சது?” என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு ஒருத்தனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ராத்திரி பதினொரு மணிக்கு வந்து விழுந்தது. அவள் பத்திரிகைக்காரர்களைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தாள்.

சொல்லிவிட்டேன். கல் கவிழ்ந்ததை, குழியை, எலுமிச்சம்பழத்தை, வழி எழுதியது நான்தான் என்பதை.

ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “எந்தக் கல் முறிஞ்சதுண்ணா? வடக்குப் பக்கமா?” என்று கேட்டாள்.

வடக்குப் பக்கம்தான். அதில் மேலிருந்து ஒரு முடிக்கோடு போல விரிசல் இறங்கியிருந்ததை அவள் வரைந்திருக்கிறாள்.

*

பத்திரிகையையே திட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பொய்யாகிவிடும். 2020 டிசம்பரில் ஆமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் கட்டிய பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உலகம் முழுக்கக் கட்டடக்கலைஞர்கள் கடிதம் எழுதினார்கள், பேப்பர்கள் விடாமல் போட்டன, 2021 ஜனவரி 1 அன்று அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். எழுத்து அப்போதைக்கு ஒரு செங்கலைக் காப்பாற்றியது. அது மதிலும் காவலும் உள்ள இடம், வழி சொன்னாலும் யாரும் கடப்பாரையோடு போகமாட்டார்கள்.

எங்கள் ஊருக்கு ஊடக வெளிச்சம் என்பது பழைய கதை. 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, அப்போது பாரமகால் என்று பேர் இருந்த எங்கள் பகுதி கும்பினி கைக்கு வந்தது. அதே வருடம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று சித்தப்பனும் மகனுமாக இரண்டு ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் ஜகதேவி மலைக்கோட்டையையும் வரைந்துகொண்டு போனார்கள். லண்டனில் அச்சுப் படங்களாக வந்தன. அருமையான படங்கள், பாறையின் வெயில்கூடத் தெரியும். கடையில் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் பட்டாளம் பிடித்த இடத்துக்குப் பின்னாலேயே தூரிகை வந்திருக்கிறது. இன்னின்ன மலை இனி நம்முடையது என்று லண்டன்காரர் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு வழிகாட்டி. நானும் ஏதோ ஒரு விதத்தில் அந்த வம்சம்தான்.

2022 மே 9 அன்று மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் மாவட்டம், பர்கூர் பக்கம், 4,200 வருடத்துக்கு முந்தைய இரும்பு! மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்த எண் கொட்டை எழுத்தில். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் அந்த மலைமேல் நிற்கிற மற்றக் கற்களை நினைத்தேன். அங்கே அரசு அகழாய்வு நடத்தியது, ஆள் உண்டு, பதிவு உண்டு. மற்ற குன்றுகளுக்கு?

*

2018 இல் வந்த அந்த ராத்திரி போனுக்குப் பிறகு ஒரு வாரத்தில் அவள் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒன்றுக்கு இருபது அளவில் வரைந்த பெரிய தாளைச் சுருக்கி ஸ்கேன் செய்தது. ஏ3 தாளில் எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தது, நான்கு பக்கத் தோற்றம், நடுவில் வெட்டிக் காட்டிய ஒரு குறுக்குவெட்டு. வடக்குப் பலகையில் அந்த விரிசல். துளையின் உள்விளிம்பு கை பட்டுப் பட்டு மழுங்கியிருப்பதுகூட மெல்லிய கோடுகளில் இருந்தது. நான் சிக்கிக்கொண்ட துளை! முழுதாக நின்ற கல்திட்டை இன்று இருப்பது அந்தத் தாளில் மட்டும்தான். மார்க்குக்காக வரைந்தது.

வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு விவரம் எழுதுவது அவர்கள் வழக்கம். டைட்டில் பிளாக் என்பார்கள். இடம், அளவு, தேதி. அதன்கீழ் பதினெட்டுப் பேர் பெயரும் அகர வரிசையில். அதற்கும் கீழே ஒரு வரி: ‘கல்வேலை விளக்கம்’ என்று போட்டுப் பெரியவரின் பெயர், அவர் அப்பா பெயரின் முதலெழுத்தோடு. சால்வை போட்டவர் பெயரும் நிர்வாகி பெயரும் எங்கும் இல்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பேத்தி வாசித்துக் காட்டினாள். தன் பெயர் வந்ததும், “இன்னொரு தபா படி” என்றார். பிறகு தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “கோடு நல்லா போட்டிருக்குதுங்க புள்ளைங்க. தட்டிப் பார்க்கத்தான் முடியல” என்றார். கல் கவிழ்ந்தது அவருக்கு அன்றே தெரியுமாம். யார் எழுதியது என்று கேட்கவில்லை. களி சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

வரைபடம் கடையில் டேனியல் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போன மாதம் ஒரு பையன் வந்தான். வீடியோ போடுகிறவன், நல்ல பையன், ஆர்வமும் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எங்க இருக்கு? லொகேஷன் குடுங்க, செமயா ஒண்ணு பண்ணலாம்” என்றான். நான்கு கல் எப்படி நிற்கிறது என்று அரை மணி நேரம் சொன்னேன். நெருப்பைச் சொன்னேன். மல்லச்சந்திரம் போய்ப் பார், அது எல்லோருக்கும் தெரிந்த இடம் என்றேன். ஒரு காப்பியாவது கொடுங்கள் என்றான்.

கொடுக்கலாம் என்று தோன்றியது. சட்டத்திலிருந்து தாளை எடுத்து மெஷினில் கவிழ்ப்பதற்கு முன்னால், வெள்ளைத் தாளில் விரலளவு ஒரு துண்டைக் கிழித்து வலது மூலையில் ‘இடம்’ என்ற வரியின்மேல் வைத்தேன். பெயர்கள் மறைகின்றனவா என்று குனிந்து பார்த்துத் துண்டைக் கொஞ்சம் மேலே நகர்த்திவிட்டு மூடியை மூடினேன்.